கைத்திறனும் சான்றிதழும்: மதுரைச் சமவெளியில் தொழிலாளர் பயிற்சியின் வரலாறு

முன்னுரை

மதுரை நகரிலும் அதைச் சூழ்ந்த சமவெளியிலும் ஊழியம் செய்யும் ஆயர்களை நாடிச் சபையார் கொண்டுவரும் வேண்டுகோள்களுள் ஒன்று, வேலைக்கான பரிந்துரைக் கடிதம். இளைஞர் வரும்பொழுது பள்ளிச் சான்றிதழ், தொழிற்பயிற்சிச் சான்றிதழ் ஆகியவற்றைக் கையில் கொண்டுவருகின்றனர். நாற்பது வயதைக் கடந்த கொத்தனாரோ, மின்கம்பியாளரோ, ஆலை மூடப்பட்டதால் வேலையிழந்த நூற்பாளரோ வந்தால் காட்டுவதற்குத் தாள் எதுவுமில்லை. இருபது ஆண்டு வேலை கையில் இருக்கிறது. அதை எடுத்துரைக்கப் பத்திரம் இல்லை. ஆயரும் அவருடைய ஒழுக்கத்தைப் பற்றி நாலு வரி எழுதுகிறாரேயன்றி, அவருடைய தொழில்திறனைப் பற்றி எழுத வகையறியாதிருக்கிறார்.

இந்நிலை எவ்வாறு ஏற்பட்டது? உழைக்கும் மனிதனின் திறனுக்குச் சான்று பகர்ந்தவர்கள் யாவர்? அச்சான்று யாருக்குக் கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது? இவ்வினாக்களுக்கு மதுரைப் பகுதியின் வரலாற்றிலிருந்து விடைகாண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம். சென்ற இருநூறு ஆண்டுகளில் குலம், மிஷன், ஆலை, அரசு ஆகிய நான்கும் அடுத்தடுத்துத் தொழிலாளரைப் பயிற்றுவித்தன. இந்நான்கிலும் வயதுவந்த தொழிலாளி பெரும்பாலும் வாசலுக்கு வெளியே நின்றார் என்பதே நாம் காணும் உண்மை. இதில் திருச்சபையின் பங்கும் உண்டு.

1. குலமே பள்ளி, ஊரே சாட்சி

பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு முன் தொழிற்பயிற்சி என்பது குடும்பத்துக்குள் நிகழ்ந்தது. பொற்கொல்லர், கருமார், தச்சர், கன்னார், சிற்பியர் ஆகிய ஐந்தொழிற் கம்மாளரிடையே மகன் தந்தையின் பட்டறையில் துருத்தி ஊதத் தொடங்கிப் படிப்படியாகத் தொழிலில் தேர்ந்தான். அவனுடைய தேர்ச்சிக்கு ஊரே சாட்சி. அவன் செய்த கலப்பை உழுதால், அவன் கட்டிய தேர் ஓடினால் அதுவே சான்று.

மதுரையின் சௌராஷ்டிர நெசவாளர் வரலாறும் இத்தகையதே. குஜராத்துப் பகுதியிலிருந்து புறப்பட்டு, விஜயநகரப் பேரரசின் வழியாகத் தெற்கே வந்த இம்மக்கள், நாயக்கர் காலத்தில் திருமலை நாயக்கர் மகாலைச் சூழ்ந்த தெருக்களில் குடியேறினர். நெய்தலும் சாயமேற்றலும் அவர்கள் கைவண்ணம். துணியில் நுண்ணிய முடிச்சுகளிட்டுச் சாயத்தில் தோய்த்து உருவாக்கும் சுங்குடி, மதுரையின் பெயரையே தாங்கி நின்றது. இம்முடிச்சுகளை வீடுகளில் அமர்ந்து இட்டவர்கள் பெரும்பாலும் பெண்கள். மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியின் தரத்துக்குச் சட்டபூர்வமான சான்று வந்தது. முடிச்சிடும் பெண்ணின் விரல்களுக்கு அதனால் எந்தச் சான்றும் வந்துவிடவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

குலவழிப் பயிற்சியின் மேன்மையை நாம் மறுக்கவேண்டியதில்லை. ஆயினும் அதன் கொடிய பக்கத்தை மறந்துவிடலாகாது. பட்டறையின் கதவு பிற சாதியாருக்குத் திறக்கப்படவில்லை. நிலமற்ற உழைப்பாளிகள் 'தொழில் தெரியாதவர்கள்' என்றே எண்ணப்பட்டனர். உண்மை வேறு. மதுரைச் சமவெளியின் வேளாண்மை கண்மாய்களைச் சார்ந்தது. எந்த மடையை எப்பொழுது திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் நீர் விடுவது, வெள்ளக் காலத்தில் கரையை எங்கே பலப்படுத்துவது என்பவற்றை அறிந்தவர் நீர்க்கட்டிகளும் மடைக்குடும்பர்களும். இவர்களுள் மிகப் பலர் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். 1895இல் பெரியாற்று நீர் மதுரைச் சமவெளிக்குத் திருப்பப்பட்டபோது, அணையைக் கட்டிய பொறியாளர் பென்னி குயிக்கின் பெயர் போற்றப்பட்டது, அது தகுந்ததே. வந்த நீரை வயல்தோறும் பங்கிட்டவரின் அறிவு எந்த ஏட்டிலும் தொழில்திறன் எனப் பதியப்படவில்லை. திறனுக்குச் சான்று பகர்வதில் சாதியின் கை முதலிலேயே இருந்தது என்பதற்கு இது போதிய சான்றாகும்.

2. மிஷன் தந்ததும் தராததும்

1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அமெரிக்கன் போர்டைச் சேர்ந்த மிஷனரிமார் மதுரையில் பணியைத் தொடங்கினர். 1842இல் திருமங்கலத்தில் ஏற்பட்டு, 1845இல் பசுமலைக்கு மாற்றப்பட்ட செமினரி, உபதேசியாரையும் ஆசிரியரையும் உருவாக்கும் நிலையமாயிற்று. 1847இல் சாதி வேற்றுமையை ஊழியரிடையே அறவே ஒழிக்க மிஷன் உறுதிகொண்டு, யாவரும் உடனமர்ந்து உண்ணவேண்டும் என்று வற்புறுத்தியபோது, ஊழியரும் மாணவரும் பலர் வெளியேறினர். கற்கும் இடத்தில் சாதி நுழையலாகாது என்னும் கொள்கைக்காக மிஷன் அன்று செலுத்திய விலை அது. பிற்காலத்தில் பசுமலையில் தொழிற்பள்ளியும் ஏற்பட்டது. லெனாக்ஸ் அச்சகம் அங்கேயே இயங்கியது. எழுத்துக் கோக்கவும், அச்சிடவும், நூல்களைக் கட்டவும் கற்ற கைகள் அதற்குத் தேவைப்பட்டன. எந்தக் குலத்துக்கும் உரிமையில்லாத புதிய தொழில் அது என்பதே அதன் சிறப்பு.

பிற மிஷன்களின் பணியையும் இங்கே ஒப்புநோக்கலாம். 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக, திருநெல்வேலி நாசரேத்தில் கனம் மர்காஷிஸ் ஐயர் 1878இல் கலைத்தொழிற் பள்ளியைத் தொடங்கினார். தச்சு, கொல்லு, நெசவு, தையல் ஆகியவை அங்கே பயிற்றுவிக்கப்பட்டன. மேற்குக் கடற்கரையில் பாசல் மிஷன் நெசவாலைகளையும் ஓட்டுத் தொழிற்சாலைகளையும் நிறுவியது. கிறிஸ்தவரானதால் குலத்தொழிலையும் பிழைப்பையும் இழந்தவர்களுக்கு வேலை தருவதே அவற்றின் முதல் நோக்கம். நாகர்கோவிலில் 1820களில் லண்டன் மிஷன் மாதர் கற்பித்த பின்னல் சரிகை வேலை, ஏழைப் பெண்கள் பலருக்குச் சொந்த வருவாயைத் தந்தது.

வயதுவந்தோர் பயிற்சி என்ற முறையில், மதுரையில் மிகவும் குறிப்பிடத்தக்கது 1892இல் ஈவா ஸ்விஃப்ட் அம்மையார் தொடங்கிய வேதாகமப் பெண்கள் பயிற்சிப் பள்ளியாகும். பின்னர் லூசி பெரி நோபிள் பள்ளி எனப் பெயர்பெற்று, இரட்சணியபுரத்தில் நிலைகொண்ட இந்நிலையம், பள்ளி வயதைக் கடந்த பெண்களை ஏற்று, ஊழியத்துக்குரிய பயிற்சி தந்து, அவர்களை ஊதியம் பெறும் ஊழியராக அனுப்பிற்று. முப்பது வயதில் ஒரு பெண் புதிதாகக் கற்கக் கூடும், கற்றதைக் கொண்டு வாழக் கூடும் என்பதை அக்காலச் சமுதாயம் நம்பவில்லை. மிஷன் நம்பியது.

எனினும் இவ்வரலாற்றை நாம் புகழ்ச்சியோடு மட்டும் முடித்துக்கொள்ளல் ஆகாது. ஊழியத்துக்கு வயதுவந்தோரை ஏற்ற மிஷன், கைத்தொழிலுக்குப் பெரிதும் சிறுவரையே, அதிலும் விடுதி மாணவரையும் அநாதைப் பிள்ளைகளையுமே ஏற்றது. சமவெளிக் கிராமங்களில் குடும்பத்தோடு சபையில் சேர்ந்த கூலியாள், ஞானஸ்நானத்துக்கு முன் செய்த வேலையையே பின்பும் செய்தார். அவர் பிள்ளை பள்ளி சென்று ஆசிரியராகவோ எழுத்தராகவோ ஆகவேண்டும் என்பதே குடும்பத்தின் கனவாகவும் மிஷனின் திட்டமாகவும் இருந்தது. தொழிற்பள்ளியோ, ஏட்டுக் கல்வியில் தேறாதவர் செல்லும் இடம் என்ற தாழ்வான எண்ணத்துக்கு ஆளாயிற்று. அவ்வெண்ணம் நம் சபைகளை விட்டு இன்றும் அகன்றபாடில்லை.

3. ஆலையும் மேஸ்திரியும்

1892இல் ஹார்வி சகோதரர்களின் மதுரா மில்ஸ் நூற்கத் தொடங்கியது, மதுரை நகரின் தோற்றத்தையே மாற்றிவிட்டது. கருமுத்து தியாகராசச் செட்டியார் 1920களில் நிறுவிய மீனாட்சி ஆலை முதலானவை அதனைப் பின்தொடர்ந்தன. வானம் பார்த்த பூமியிலிருந்து வந்த ஆயிரக்கணக்கானோர் ஆலைத் தொழிலாளராயினர். ஊரில் ஒன்றாக அமரமாட்டாத சாதியார் ஆலையில் ஒரே ஷிப்டில் நின்றனர்.

இவர்கள் நூற்பை எவ்வாறு கற்றனர்? பள்ளி இல்லை, பாடத்திட்டம் இல்லை. நூல் நிறைந்த கண்டுகளை எடுத்து வெற்றுக் கண்டுகளை மாட்டும் வேலையில் சேர்ந்து, அறுந்த இழையை முடிப்பதைப் பிறர் செய்யக் கண்டு கற்று, பின்னர் இயந்திரத்தின் பொறுப்பை ஏற்றனர். ஆளைச் சேர்ப்பதும், வேலை கற்க இடம் கொடுப்பதும், 'இவன் தேறிவிட்டான்' என்று சொல்வதும் மேஸ்திரியின் கையில் இருந்தன. 1929இல் அமைக்கப்பட்டு 1931இல் அறிக்கை தந்த அரச தொழிலாளர் ஆணைக்குழு, இந்திய ஆலைகளில் நிலவிய இம்முறையையும் அதனோடு கலந்திருந்த கையூட்டையும் கடுமையாகக் குறைகூறிற்று. வேலையிலிருந்து ஆளை நீக்குவதும் அதே மேஸ்திரியின் சொல்லைப் பொறுத்தே நடந்தமையால், ஒருவர் பெற்ற திறன் அவருடைய சொந்த உடைமையாகவில்லை. ஓர் ஆலையில் பதினைந்து ஆண்டு நூற்றவர் வேறோர் ஆலைக்குச் சென்றால் மீண்டும் பதிலியாகவே நிற்கவேண்டியதாயிற்று.

முதல் உலகப் போரை அடுத்த ஆண்டுகளில் மதுரை ஆலைத் தொழிலாளரை ஒன்றுசேர்க்க உழைத்தவர்களுள் வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் ஒருவர். மக்கள் அவரை 'ரோசாப்பூ துரை' என்று அன்போடு அழைத்தனர். கேரளச் சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த அவர், குற்றப் பரம்பரைச் சட்டத்தால் துன்புற்ற கள்ளர் மக்களுக்காகவும் வாதாடினார். கூலி உயர்வும் வேலை நேரக் குறைப்புமே அன்றைய சங்கங்களின் முதற் கோரிக்கைகள். அவை உயிர்ப்பிரச்சினைகளாதலால் அது இயல்பே. தொழில்திறனுக்கு எழுத்துச் சான்று வேண்டும் என்னும் கோரிக்கை எழுவதற்கு அன்று இடமில்லாதிருந்தது. ஆலை நிலைத்திருக்கும் வரையில் அதன் குறை புலப்படவில்லை. பிற்காலத்தில் ஆலைகள் நலிந்து ஆட்குறைப்பு வந்தபோதுதான், வேலையோடு திறனுக்கான சாட்சியும் போய்விடுவதைத் தொழிலாளர் கண்டனர்.

மோட்டார் தொழிலிலும் இதே நிலைதான். 1911இல் டி. வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய நிறுவனத்தால் மதுரை, பேருந்துப் போக்குவரத்துக்கும் மோட்டார்ப் பணிமனைகளுக்கும் பெயர்பெற்ற நகராயிற்று. பெரிய பணிமனைகளுக்கு வெளியே சாலையோரப் பட்டறைகள் நூற்றுக்கணக்கில் தோன்றின. அங்கே எடுபிடியாகச் சேர்ந்த சிறுவன் ஸ்பானர் எடுத்துக்கொடுத்து, திட்டு வாங்கி, பத்தாண்டுகளில் தேர்ந்த மெக்கானிக் ஆனான். குலம் மாறியது, பட்டறைமுறை மாறவில்லை.

4. அரசின் பயிற்சி: தொடக்கமும் திருப்பமும்

இன்று தொழிற்பயிற்சி என்றவுடன் நம் நினைவுக்கு வருவது அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களே. மதுரைப் புதூரிலுள்ள நிலையம் இப்பகுதி மக்கள் நன்கறிந்தது. பள்ளி முடித்த இளைஞருக்கான இடங்களாகவே இவற்றை நாம் எண்ணுகிறோம். ஆனால் இவற்றின் பிறப்பு வேறுவிதமானது.

இரண்டாம் உலகப் போரின்போது போர்த்தளவாடத் தொழிற்சாலைகளுக்கு ஆள் தேவைப்பட்டமையால், 1940இல் இந்திய அரசாங்கம் தொழில்நுட்பப் பணியாளர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. போர் முடிந்ததும் 1945இல் ஏற்பட்ட மறுவாழ்வு, வேலைவாய்ப்புத் தலைமை இயக்ககம், படையிலிருந்து விடுவிக்கப்பட்ட வீரருக்குத் தொழில் கற்பித்தது. நாட்டுப் பிரிவினைக்குப் பின் அகதிகளாக வந்தவர்களுக்கும் அப்பயிற்சி விரிவாக்கப்பட்டது. 1950இல் குடிமக்களாகிய வயதுவந்தோருக்கும் அது திறந்துவிடப்பட்டது. இவ்வேரிலிருந்தே இன்றைய கைவினைஞர் பயிற்சித் திட்டம் வளர்ந்தது. சுருங்கச் சொல்லின், வாழ்வின் நடுவழியில் தொழிலை இழந்தவர்களுக்காகவே சுதந்திர இந்தியாவின் தொழிற்பயிற்சி தொடங்கியது.

சிவராவ் குழுவின் பரிந்துரைப்படி 1956 நவம்பரில் இந்நிலையங்களின் அன்றாட நிர்வாகம் மாநிலங்களுக்கு மாற்றப்பட்டது. அதே ஆண்டில், நாடு முழுவதற்கும் ஒரே தரத்தில் தேர்வும் சான்றிதழும் வழங்கத் தேசியக் குழு ஒன்று அமைந்தது. 1961இல் தொழில் பழகுநர் சட்டம் வந்தது. இவை யாவும் நல்ல நடவடிக்கைகளே. ஆயினும் முறை ஒழுங்குபட ஒழுங்குபட, சேர்க்கைக்கு வயது வரம்பும் பள்ளித் தகுதியும் வகுக்கப்பட்டன. பகல் முழுவதும் வகுப்பு, ஓராண்டு ஈராண்டுப் படிப்பு என்பது வழக்கமாயிற்று. குடும்பத்தைக் காக்கும் தினக்கூலியாளர் ஓராண்டு கூலியை விட்டு வகுப்பில் அமரமுடியுமா? வயதுவந்தோருக்காகத் திறந்த கதவு, சட்டத்தால் மூடப்படாமலே அவர்களுக்கு மூடியதாயிற்று.

சில சாளரங்கள் திறந்திருந்தன என்பதையும் கூறவேண்டும். வேலை அனுபவமுள்ளோர் தனித்தேர்வராக அகில இந்தியத் தொழிற்தேர்வை எழுத வழி வகுக்கப்பட்டது. தமிழக அரசு நடத்திவரும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு மற்றோர் எடுத்துக்காட்டு. வயரிங் தொழிலில் ஐந்தாண்டு செய்முறை அனுபவம் உள்ளவர், இருபத்தொரு வயது நிரம்பியிருந்தால் அத்தேர்வுக்கு அமரலாம். பகலில் வேலை செய்து, மாலை வகுப்பில் கற்று வருவோருக்கும் அதில் இடமுண்டு. எங்கே கற்றாய் என்று கேளாமல், என்ன செய்யத் தெரியும் என்று கேட்கும் தேர்வு இது. 1958இல் ஏற்பட்ட மத்தியத் தொழிலாளர் கல்வி வாரியமும், 1967இல் பம்பாயில் தொடங்கிப் பிற நகரங்களுக்கும் பரவிய சிரமிக் வித்யாபீடங்களும் தொழிலாளரின் பொது அறிவையும் திறனையும் வளர்க்க முயன்றன.

இங்கே ஒரு வேற்றுமையை நாம் சிந்திக்கவேண்டும். தமிழகத்தின் சிற்றூர்களில்கூடத் தட்டச்சுப் பயிலகம் இருந்தது. வேலைக்குச் செல்வோர் அதிகாலையிலோ மாலையிலோ ஒரு மணி நேரம் சென்று கற்று, அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் லோயர், ஹையர் என்று தேறினர். எந்தப் பயிலகத்தில் கற்றார் என்பது பொருட்டன்று. குறித்த நேரத்தில் பிழையின்றி அடித்தால் போதும். அச்சான்றிதழைக் கொண்டு அலுவலகங்களில் நுழைந்தவர் பல்லாயிரவர். நம் சபைக் குடும்பங்கள் பல அதனால் முன்னேறின. மேசையருகே அமர்ந்து செய்யும் வேலைக்கு இத்தனை எளிய, நேர்மையான தேர்வை நம்மால் அமைக்க முடிந்தது. சாரத்தின்மேல் நின்று செய்யும் வேலைக்கு அத்தகைய தேர்வை ஊர்தோறும் நாம் அமைக்கவில்லை. நிர்வாகத் தடை ஒன்றை மட்டும் இதற்குக் காரணமாகக் கூறிவிட முடியாது. கையால் செய்யும் வேலையைப் பற்றி நம் சமுதாயம் கொண்டுள்ள மதிப்பீடு இதில் வெளிப்படுகிறது.

5. பயிற்சி என்னும் பெயரில்

சான்று இல்லாமை ஒரு குறை. பயிற்சி என்னும் சொல்லையே கருவியாகக் கொண்டு உழைப்பைச் சுரண்டுவது அதனினும் பெரிய குறை. 1981ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமொன்று, இருபத்துநான்கு மாதக் காலத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரத் தொழிலாளராக்க வேண்டும் என்று விதித்தது. 1990களிலிருந்து திண்டுக்கல், மதுரை, விருதுநகர் உட்படப் பல மாவட்டங்களின் நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்னும் பெயரில் ஒரு வழக்கம் பரவியது. இளம்பெண்களை மூன்றாண்டு விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கி, முடிவில் திருமணத்துக்கென ஒரு தொகை தருவதாக வாக்களித்தனர். அவர்கள் ஏடுகளில் 'பயிற்சியாளர்' எனக் குறிக்கப்பட்டனர். அதனால் நிரந்தர உரிமையும் முழு ஊதியமும் அவர்களுக்கு எட்டவில்லை. ஓரிரு மாதத்தில் கற்கக்கூடிய வேலைக்கு மூன்றாண்டுப் பயிற்சி! முடிவில் கையில் வேறிடத்தில் செல்லத்தக்க தொழிற்சான்று எதுவுமின்றி வீடு திரும்பியவர் பலர்.

கட்டடத் தொழிலில் வேறுவகையில் இதே அநீதியைக் காண்கிறோம். சித்தாளாகச் சேரும் ஆண் சில ஆண்டுகளில் கரண்டி பிடிக்கக் கற்றுக் கொத்தனாராகிறார். சித்தாளாகச் சேரும் பெண் கல்லும் கலவையும் சுமந்து சித்தாளாகவே முதுமை அடைகிறார். ஆண்டுக்கணக்காகக் கொத்தனாரின் அருகில் நின்று அவர் செய்வதையெல்லாம் கண்டு அறிந்தும், அவருக்கு ஏற்றம் இல்லை, கூலியும் குறைவு. பயிற்சி தரப்படாமை மட்டுமன்று, பயிற்சி பெறத்தக்கவர் என்றே எண்ணப்படாமை இங்குள்ள கொடுமை.

6. அண்மைக்கால முயற்சிகள்

2015ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுக் கொள்கை, இந்தியத் தொழிலாளருள் முறையான திறன் பயிற்சி பெற்றவர் 4.69 விழுக்காட்டினரே என்று கணித்தது. ஜெர்மனிக்கு 75, தென்கொரியாவுக்கு 96 என்னும் எண்களை அது ஒப்பாகக் காட்டியது. இவ்வெண்களைக் கண்டு, மீதி 95 விழுக்காட்டினர் திறனற்றவர் என்று முடிவு செய்வது பெரும் பிழை. வீடுகளைக் கட்டுவோரும், வண்டிகளைப் பழுதுபார்ப்போரும், சேலை நெய்வோரும் அவர்களே. அவர்களிடம் இல்லாதது பெரும்பாலும் சான்றே.

இதை உணர்ந்தே, 2013 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு, முன்னரே பெற்ற கல்விக்கு அங்கீகாரம் அளிக்கும் கொள்கையை ஏற்றது. 2015இல் தொடங்கிய பிரதம மந்திரியின் திறன் வளர்ச்சித் திட்டத்தில் இது செயலுக்கு வந்தது. வேலையில் இருப்பவர் சில மணிநேர அறிமுக வகுப்புக்குப் பின் தம் திறனைச் செய்துகாட்டித் தேர்வாளரின் மதிப்பீட்டால் சான்றிதழ் பெறலாம். தமிழ்நாட்டில் 1994இல் ஏற்பட்ட கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு பெற்றோருக்கு, கூலி இழப்பை ஈடுசெய்யும் தொகையுடன் குறுகிய காலப் பயிற்சி தரும் ஏற்பாடும் அண்மை ஆண்டுகளில் வந்துள்ளது. வகுப்புக்கு வருவதால் அடுப்பு அணைந்துவிடலாகாது என்பதை அரசு ஏற்றுக்கொண்டமை வரவேற்கத்தக்கது.

ஆயினும் சான்றிதழின் எண்ணிக்கை பெருகுவதால் மட்டும் நீதி பெருகிவிடாது. அச்சான்றிதழை வேலை தருபவர் மதித்துக் கூலியை உயர்த்துகிறாரா? அது இளைஞரின் ஈராண்டுச் சான்றிதழுக்கு நிகராகக் கருதப்படுகிறதா? ஜெர்மனியில், ஒரு தொழிலுக்குரிய பயிற்சிக் காலத்தைப் போல் ஒன்றரை மடங்கு காலம் அத்தொழிலில் உழைத்தவர், பயிற்சிப் பள்ளி சென்றவர் எழுதும் அதே இறுதித் தேர்வை எழுதலாம். தேறினால் அதே சான்றிதழ், வேறுபாடில்லை. அனுபவசாலிக்கென்று தனியானதொரு குறைந்த தரச் சான்றை ஏற்படுத்தினால், பழைய ஏற்றத்தாழ்வுக்கே புதிய முத்திரை இட்டவர்களாவோம்.

7. இறையியல் நோக்கு

திறனுக்குச் சான்று என்னும் பொருள் வேதாகமத்துக்குப் புறம்பானதன்று. யாத்திராகமம் 31, 35ஆம் அதிகாரங்களில், ஆசரிப்புக் கூடாரத்தின் வேலைக்கென்று பெசலெயேலையும் அகோலியாபையும் கர்த்தர் பெயர்சொல்லி அழைக்கிறார். அவர்களுடைய கைத்திறன் தேவ ஆவியின் வரமாகக் கூறப்படுகிறது. பிறருக்குப் போதிக்கும் மனமும் அவர்களுக்கு அருளப்படுகிறது. சபையார் யாவரும் கேட்க மோசே இதனை அறிவிக்கிறார். கைவினைஞனின் திறனைச் சபையின்முன் வெளிப்படையாக அறிக்கையிடுதல் அன்றே நிகழ்ந்தது.

தள்ளுபடியாகமமாகிய சீராக்கின் 38ஆம் அதிகாரம் நம்மை மேலும் சிந்திக்க வைக்கிறது. உழவன், கொல்லன், குயவன் முதலியோரின் உழைப்பை விரித்துக் கூறும் அந்த ஆசிரியர், இவர்களின்றி நகரம் நிலைக்காது என்று ஒப்புக்கொள்கிறார். எனினும் ஆலோசனை மன்றத்தில் இவர்களுக்கு இடமில்லை என்பதையும் இயல்பானதாகவே ஏற்கிறார். நம் சபை மன்றங்களில் யார் அமர்கின்றனர் என்று எண்ணிப் பார்ப்போமாயின், அவ்வாசிரியரைக் குறைகூற நமக்கு நாவெழாது.

சுவிசேஷமோ இம்மதிப்பீட்டைத் தலைகீழாக்குகிறது. மாற்கு 6:3இல் நாசரேத்தார் ஆண்டவரைத் தச்சன் என்று குறிப்பது ஐயத்தோடும் இகழ்ச்சியோடுமே. யோவான் 7:15இல் எருசலேமின் மக்கள், கல்லாதவர் எவ்வாறு அறிந்திருக்கிறார் என்று வியக்கின்றனர். எந்த ஆசானிடம் கற்றார், என்ன சான்று உண்டு என்பதே அவர்கள் வினாவின் உட்பொருள். அப்போஸ்தலர் 4ஆம் அதிகாரத்தில் பேதுருவையும் யோவானையும் பார்த்து ஆலோசனைச் சங்கத்தார் கொண்ட வியப்பும் இத்தகையதே. சான்றிதழற்ற தொழிலாளியைப் பார்த்து உலகம் கேட்கும் வினாவை நம் ஆண்டவரே எதிர்கொண்டார். கூடாரம் செய்து பிழைத்த பவுல் அதை மறைக்க வேண்டியதென எண்ணவில்லை.

நம் பேராயத்தின் முதல் பேராயராக 1947 முதல் 1959 வரை பணியாற்றிய லெஸ்லி நியூபிகின், கிராமச் சபைகளில் தம் கையால் உழைத்து உண்ணும் மூப்பரைப் பயிற்றுவித்து அவர்களிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர். சபைக்குள் வயதுவந்தோரின் திறனை நம்பத் துணிந்த அம்மரபு, சபைக்கு வெளியேயுள்ள அவர்களுடைய தொழில்வாழ்வுக்கும் விரிவடைய வேண்டும்.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து நாம் கற்பது யாது? குலம் தன் பிள்ளைகளுக்கு மட்டும் கற்பித்தது. மிஷன் குலத்தின் பூட்டை உடைத்தது. ஆயினும் சிறுவரோடு நின்றது. ஆலை எல்லாரையும் ஏற்றது. சான்றைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. அரசு வயதுவந்தோருக்காகத் தொடங்கி இளைஞருக்காக முடித்து, இப்போது மீண்டும் தொடங்கிய இடத்தை நோக்கித் திரும்புகிறது. இத்திருப்பத்தில் திருச்சபை வாளாவிருத்தல் ஆகாது.

நாம் செய்யக்கூடியவை சில. நம் தொழிற்பள்ளிகளின் பட்டறைகள் மாலை ஐந்து மணிக்குமேல் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றை வேலை முடித்து வருவோருக்குத் திறந்து, தகுதிகாண் தேர்வுகளுக்கு ஆயத்தப்படுத்தலாம். சபை நிறுவனங்களில் பல்லாண்டு உழைக்கும் மின்பணியாளர், ஓட்டுநர், சமையலர், தோட்டப் பணியாளர் ஆகியோருக்கு அங்கீகாரச் சான்று பெற உதவி, அதற்கேற்பச் சம்பளத்தை உயர்த்துவது நம் முதற் கடமை. பிற முதலாளிகளிடம் நீதி கேட்கும் உரிமை அதன் பின்னரே நமக்கு உண்டாகும். ஆலயம் கட்டும்போது சித்தாள் பெண்களுள் விருப்பமுள்ளோர்க்குக் கொத்துவேலை கற்பிக்க வேண்டுமென ஒப்பந்தத்திலேயே எழுதலாம். ஆயர் பரிந்துரைக் கடிதம் எழுதும்பொழுது, இன்ன கட்டடத்தில் இன்ன வேலையை இத்தனை ஆண்டு செய்தார் என்று விசாரித்தறிந்து எழுதலாம். அனுபவத்துக்கு ஆதாரம் கேட்கும் இடங்களில் அத்தகைய கடிதம் பயன்படும்.

ஆலயத் திறப்பு விழாக் கல்வெட்டுகளில் பேராயர், குருமார், கமிட்டியார், நன்கொடையாளர் ஆகியோரின் பெயர்களைப் பொறிக்கிறோம். அக்கல்லைச் செதுக்கியவர் பெயரும், சுவரை எழுப்பிய கொத்தனார் பெயரும் அதில் இல்லை. பெசலெயேலின் பெயரை மோசே சபையறியச் சொன்னார். நம் சபைகளும் அவ்வாறு சொல்லத் தொடங்குமாயின், சான்றிதழ் தரும் மன்றங்களுக்குமுன் அத்தொழிலாளருக்காகப் பேச நமக்கு வாய் உண்டாகும்.